சுரங்க ஊரின் குரல்: பில் விதர்ஸ் பாடகரான கதை

(மே தினத்தையொட்டித் தில்லியில் நடைபெற்ற தமிழ்த் தோழர்களின் கலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் உறையிலிருந்து இந்த உரையைத் தொடங்குகிறேன். செங்கல் சுவர் ஒன்றின் முன்னால் கறுப்பினத்தவர் ஒருவர் நிற்கிறார். மினுமினுக்கும் மேடை உடை இல்லை. ஒலிவாங்கி இல்லை. தொழிலாளி ஆலைக்கு எடுத்துச் செல்லும் மதிய உணவுப் பெட்டிதான் அவர் கையில் இருக்கிறது. அது படப்பிடிப்புக்காக இரவல் வாங்கிய பெட்டி அன்று. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் இருந்த விமானக் கருவி ஆலை ஒன்றில் அவர் அப்போது வேலை செய்துகொண்டிருந்தார். போயிங் 747 விமானங்களுக்கான கழிப்பறைகளைச் செய்யும் பிரிவில் அவருக்கு வேலை. உணவு இடைவேளையில், ஆலைக்கு வெளியே, அந்தப் படம் எடுக்கப்பட்டது.

அவர் பெயர் பில் விதர்ஸ். 1938 ஜூலை 4 அன்று பிறந்து, 2020 மார்ச் 30 அன்று தமது 81ஆம் வயதில் மறைந்தவர். 'சோல்' இசை என்று உலகம் அழைக்கும் கறுப்பின இசை மரபின் முதன்மையான பாடலாசிரியர்களுள் ஒருவர்.

நமது கூட்டங்களில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் என்றதும் பால் ராப்சனின் பெயரே முதலில் வரும். அது நியாயமே. தம் அரசியல் கருத்துகளுக்காக 1950 முதல் 1958 வரை கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்ட மாபெரும் கலைஞர் அவர். விதர்ஸ் அவ்வகையினர் அல்லர். எந்த இயக்கத்தின் மேடைப் பாடகராகவும் அவர் அறியப்பட்டதில்லை. பிறகு ஏன் அவரைப் பற்றிப் பேச வேண்டும்? என் தொழிலே அதற்குக் காரணம். கட்சி ஆவணங்களை மொழிபெயர்க்கும்போது 'ஒருமைப்பாடு' என்ற சொல்லை எத்தனை நூறு முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. தீர்மானத்தின் கடைசிப் பத்தியில் அது தவறாமல் வந்து நிற்கும். வந்து வந்தே தேய்ந்துபோன சொல் அது. இந்தச் சுரங்கத் தொழிலாளி மகனின் தொடக்க வாழ்க்கையைப் படித்தபோதுதான் அந்தச் சொல் எனக்கு மீண்டும் சூடேறியது. அந்த அனுபவத்தையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு பெயரின் வரலாறு

முதலில் 'சோல்' என்ற சொல்லைப் பற்றி. அகராதிப்படி 'ஆன்மா' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் தமிழில் ஆன்மா என்றவுடன் வேதாந்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும். உடலை விட்டு விலகி நிற்கும் ஒன்றை அது சுட்டிவிடும். கறுப்பின மக்களின் இசையோ உடலின் உழைப்பிலிருந்தும் வேர்வையிலிருந்தும் பிறந்தது. 'உயிரைக் கொடுத்துப் பாடினார்' என்று நம்மூரில் சொல்கிறோமே, அந்த 'உயிர்' ஓரளவு நெருங்கி வருகிறது. ஆயினும் மூலச் சொல்லையே வைத்துக்கொள்வோம். ஏனெனில் அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு போராட்டம் இருக்கிறது.

கறுப்பின மக்களுக்காக அச்சிட்டு விற்கப்பட்ட இசைத்தட்டுகளை அமெரிக்க இசை வணிகம் 1920களிலிருந்து 'இன இசைத்தட்டுகள்' என்றே அழைத்துவந்தது. கடையிலும் விற்பனைப் பட்டியலிலும் தனி வரிசை. பேருந்தில் தனி இருக்கை ஒதுக்கியதைப் போலத்தான். 'பில்போர்டு' என்ற வணிக இதழ் 1949இல்தான் அந்தப் பட்டியலின் பெயரை 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றியது. 1969 ஆகஸ்டில் அதே பட்டியல் 'சோல்' என்று பெயர் பெற்றது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் நடந்தது என்ன? மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, உணவக உள்ளிருப்புப் போராட்டங்கள், வாக்குரிமைப் போராட்டம், நகரங்களில் வெடித்த எழுச்சிகள். அடையாளம் ஒட்டப்பட்டவர்கள் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொள்ளும் வலிமையைப் பெற்றார்கள். தேவாலயத்தில் பாடிய 'காஸ்பல்' பாட்டின் உருக்கமும், கூலி வாழ்க்கையைப் பாடிய புளூஸ் பாட்டின் வெளிப்படைத்தன்மையும் கலந்தே சோல் இசை உருவானது.

கரிமண்ணில் ஒரு பிறப்பு

விதர்ஸ் பிறந்த ஸ்லாப் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள சிறிய நிலக்கரிச் சுரங்க ஊர். இருப்புப்பாதை மலைகளுக்குள் நுழைந்த பிறகு எழுந்த நூற்றுக்கணக்கான கம்பெனி ஊர்களில் அதுவும் ஒன்று. கம்பெனி ஊர் என்றால் என்ன? வீடு கம்பெனிக்குச் சொந்தம். கடை கம்பெனிக்குச் சொந்தம். பல ஊர்களில் கூலியைக்கூட நாட்டு நாணயமாகக் கொடுக்காமல், கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளாகக் கொடுத்தார்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு.

இச்சுரங்கங்களுக்கு மூன்று திசைகளிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். தென் மாநிலங்களின் நிலவுடைமை ஒடுக்குமுறையிலிருந்து வெளியேறிய கறுப்பினத்தவர், ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள், உள்ளூர் மலைவாழ் வெள்ளையர்கள். இப்படிக் கலந்து வைத்தால் ஒன்று சேரமாட்டார்கள் என்று முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். ஆனால் 1890இல் அமைந்த ஐக்கிய சுரங்கத் தொழிலாளர் சங்கம், இனம், மதம், தேசம் என்ற வேறுபாடின்றி உறுப்பினர் சேர்க்கை என்று தன் அமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 1921 ஆகஸ்டு இறுதியில் சுமார் 10,000 சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதமேந்தி பிளேர் மலையை நோக்கி அணிவகுத்தார்கள். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிய அந்தப் படையில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக நின்றார்கள். கூட்டரசின் இராணுவம் வந்தே அந்த எழுச்சி அடக்கப்பட்டது. 1933இல்தான் சங்கம் அவ்வட்டாரத்தில் நிலையாகக் காலூன்ற முடிந்தது. விதர்ஸ் பிறந்தது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்.

இதனால் அங்கே நிறவெறி இல்லாமற்போனது என்று எண்ண வேண்டாம். நிலத்தடியில் ஒன்றாக வேலை செய்தவர்கள் நிலத்தின் மேல் தனித்தனியே வாழ்ந்தார்கள். பள்ளிக்கூடங்கள் இனவாரியாகப் பிரிந்திருக்க வேண்டும் என்பது அம்மாநிலத்தின் அரசியல் சட்டத்திலேயே இருந்தது. ஸ்லாப் ஃபோர்க்கில் கறுப்பினக் குடியிருப்புக்கும் வெள்ளையர் குடியிருப்புக்கும் இடையிலான எல்லையில்தான் தங்கள் வீடு இருந்தது என்று விதர்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருபக்கம் வெள்ளைத் தொழிலாளர்களின் நாட்டுப்புறப் பாட்டு, மறுபக்கம் கறுப்பினத் தேவாலயத்தின் பாட்டு. இரண்டும் அவர் காதில் விழுந்தன. அவருடைய பாடல்களில் சோல் இசையின் உருக்கமும், ஒற்றைக் கிதாரோடு கதை சொல்லும் நாட்டுப்புறப் பாங்கும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதற்கு இந்த எல்லை வீடே வேர்.

பாட்டியின் கைகள்

தந்தை சுரங்கத் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளில் பணிப்பெண். ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டி பில். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட்டதால், அருகிலுள்ள பெக்லி என்னும் ஊரில் தாய்வழி உறவினர்களின் அரவணைப்பில் வளர்ந்தார். 13 வயதில் தந்தையை இழந்தார்.

அவருடைய உலகின் நடுவே இருந்தவர் தாய்வழிப் பாட்டி. பேரனைத் தேவாலயத்துக்கு அழைத்துச் செல்வார், கைதட்டிப் பாடுவார், கஞ்சிராவைப் போன்ற டாம்பரினைத் தட்டுவார். அந்தக் கைகளைப் பற்றித்தான் விதர்ஸ் தமது முதல் இசைத்தட்டில் ஒரு பாட்டு எழுதினார். வீரர்களையும் காதலியரையும் பாடிய வணிக இசையுலகில், உழைத்துக் காய்த்துப்போன ஒரு முதியவளின் கைகள் பாட்டின் தலைப்பாயின.

சிறுவன் பில்லுக்குப் பேச்சில் கடுமையான திக்கல் இருந்தது. சொல் தொண்டைக்குள் நின்றுவிடும். பிற்காலத்தில் அதைப் பற்றி அவர் தெளிவாகப் பேசியிருக்கிறார். எதிரே இருப்பவர் தம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற அச்சமே தம்முடைய திக்கலுக்குக் காரணம் என்றும், மற்றவர்களையெல்லாம் தம்மைவிட உயர்ந்தவர்களாக எண்ணியிருந்ததாகவும் கூறியிருக்கிறார். எல்லோருடைய திக்கலுக்கும் அதுவே காரணம் ஆகாது என்றும் சொன்னார். தோழர்களே, தனிப்பிரிவுப் பள்ளியில் படித்த ஒரு கறுப்பினச் சிறுவனுக்குத் தன்னைவிடப் பிறர் உயர்ந்தவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும்? அதை ஒரு சமூகமே கட்டி எழுப்பியிருந்தது. சாதிப் படிநிலையில் வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

சுரங்கமா, கப்பலா?

1950களில் அந்த ஊர்களில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. 1950இல் சங்கத் தலைமைக்கும் சுரங்க முதலாளிகளுக்கும் ஏற்பட்ட உடன்பாட்டில் இயந்திரமயமாக்கலைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. வேலையில் நீடித்தவர்களுக்குக் கூலி உயர்ந்தது. மருத்துவ வசதி கிடைத்தது. ஆனால் நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களில் 1950இல் 4 லட்சத்துக்கும் மேல் இருந்த தொழிலாளர் எண்ணிக்கை 1960இல் 2 லட்சத்துக்கும் கீழே போனது. முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் யார்? கையால் கரி வாரும் வேலையில் குவிக்கப்பட்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள். புதிய இயந்திரங்களை இயக்கும் வேலை பெரும்பாலும் வெள்ளையருக்கே சென்றது. அமைப்புச் சட்டத்தில் சமத்துவம் எழுதியிருந்த சங்கமும் இதைத் தடுக்கவில்லை. நம் வரலாற்றில் பெருமைப்பட வேண்டிய பக்கங்களைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இந்தச் சூழலில் வளர்ந்த இளைஞனுக்கு முன்னே இரண்டு வழிகள்தாம் இருந்தன. வேலை குறைந்துகொண்டே போன சுரங்கம் ஒன்று, இராணுவம் மற்றொன்று. 1948இல்தான் அமெரிக்க ஆயுதப் படைகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை பிறப்பிக்கப்பட்டிருந்தது. பதின்வயதைத் தாண்டாத பில் கடற்படையில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன. விமானங்களைப் பழுதுபார்க்கும் தொழிலைக் கற்றார். அங்கிருந்த காலத்தில்தான் திக்கலையும் மெல்ல வென்றார். பாட்டெழுதும் ஆர்வமும் முளைத்தது. ஏகாதிபத்திய அரசின் படை ஏழை இளைஞனுக்குத் தொழிற்பயிற்சிக் கூடமாகவும் மருத்துவமனையாகவும் தோன்றுகிறது என்றால், அந்நாட்டு வறுமை அவனுக்கு வேறு எதையும் விட்டுவைக்கவில்லை என்பதே பொருள். இதைக் கண்டு அந்த இளைஞனைக் குறை சொல்வது நமது வேலை அன்று.

மணிக்கு 3 டாலர்

1965இல் கடற்படையிலிருந்து விடுபட்ட விதர்ஸ் கலிபோர்னியாவிலேயே தங்கினார். பால் வண்டி ஓட்டி வீடு வீடாகப் பால் கொடுத்தார். பிறகு ஆலை வேலைகள், இயந்திரம் பொருத்தும் வேலைகள். அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இசைக்கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது.

ஓக்லாந்து நகரின் ஓர் இரவு விடுதியில் நடந்ததை அவர் சுவைபடச் சொல்லியிருக்கிறார். லூ ராவல்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகர் அன்று பாட வேண்டும், நேரத்துக்கு வரவில்லை. வாரத்துக்கு 2,000 டாலர் கொடுக்கிறேன், இந்த மனிதரால் நேரத்துக்கு வர முடியவில்லையே என்று விடுதிக்காரர் புலம்பினார். கேட்டுக்கொண்டிருந்த விதர்ஸின் கூலி மணிக்கு 3 டாலர். கூலி உழைப்பாளிக்கு இந்தக் கணக்குப் போடத் தாள், பென்சில் தேவையில்லை. அடகுக்கடையில் மலிவு விலைக்கு ஒரு கிதார் வாங்கினார். வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில் தாமே கற்றார். கலை உள்ளுணர்வு, தெய்வ அருள் என்றெல்லாம் பேசுவோருக்கு இந்தத் தொடக்கம் ஏமாற்றம் தரும். எனக்கோ இது மகிழ்ச்சி தருகிறது. கூலியைப் பற்றிய கோபமும் கலையின் பிறப்பிடங்களில் ஒன்றுதான்.

1967இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். பகலில் ஆலை, இரவில் பாட்டு. கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில் மாதிரி ஒலிப்பதிவுகள் செய்து, வாய்ப்புத் தேடி அலைந்தார். இறுதியில் 'சசெக்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த கிளாரன்ஸ் அவாண்ட் என்னும் கறுப்பினத் தொழில்முனைவர் அவரை ஏற்றார். இசையமைப்பைக் கவனிக்க புக்கர் டி. ஜோன்ஸ் வந்தார்.

புக்கர் டி. யார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். மெம்பிஸ் நகரின் 'ஸ்டாக்ஸ்' இசைக்கூடத்தில் இரு கறுப்பினத்தவரும் இரு வெள்ளையரும் கொண்ட இசைக்குழுவை நடத்தியவர் அவர். பிரிவினை வேரூன்றிய நகரத்தில் அப்படி ஒரு குழு செயல்பட்டதே ஒரு மீறல். அக்கூடத்துக் கலைஞர்கள் கூடிப் பாட்டெழுதிய இடங்களில் ஒன்று லொரைன் விடுதி. 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் துப்புரவுத் தொழிலாளர்கள் சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே லொரைன் விடுதியில்தான். அந்த நகரத்தின் காயத்தைச் சுமந்தே புக்கர் டி. கலிபோர்னியாவுக்கு வந்தார்.

ஒலிப்பதிவுக்கு வந்த விதர்ஸ், இந்தப் பாடல்களை யார் பாடப்போகிறார்கள் என்று புக்கர் டி.யிடம் கேட்டாராம். நீங்கள்தான் என்றார் அவர். முப்பது வயதைக் கடந்த பிறகும், தாம் எழுதிய பாட்டைத் தாமே பாடலாம் என்ற துணிவு அவருக்கு எளிதில் வரவில்லை. பேச்சு திக்கிய அந்தச் சிறுவன் இன்னும் உள்ளே இருந்தான். பணம் தட்டுப்பட்டதால் ஒலிப்பதிவு நடுவே ஆறு மாதங்கள் நின்றும் போனது. ஆலை வேலையை விதர்ஸ் விடவில்லை. இசைத்தொழில் நிலையற்றது என்று அவர் உறுதியாக நம்பினார். இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று சிலர் எழுதுகிறார்கள். வேலையிழப்பு ஓர் ஊரை எப்படிச் சூறையாடும் என்று கண்டு வளர்ந்தவரின் வர்க்க அறிவு என்றே நான் அதைப் படிக்கிறேன்.

26 முறை

'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்ற முதல் இசைத்தட்டு 1971இல் வெளியானது. உணவுப் பெட்டியோடு அவர் நிற்பது அதன் உறையில்தான். அதிலுள்ள 'எய்ண்ட் நோ சன்ஷைன்' பாட்டை நிறுவனம் ஒரு சிறு தட்டின் பின்பக்கத்தில்தான் வைத்தது. வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். நாடு முழுவதும் அந்தப் பாட்டே ஒலித்தது. பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம் வரை சென்றது. 10 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

அந்தப் பாட்டின் நடுவில் இரண்டே சொற்கள் கொண்ட ஒரு தொடர் 26 முறை திரும்பத் திரும்ப வருகிறது. அந்த இடத்தில் வேறு வரிகள் எழுத வேண்டும் என்றுதான் விதர்ஸ் நினைத்திருந்தார். அப்படியே விடுங்கள் என்று உடனிருந்த தேர்ந்த இசைக்கலைஞர்கள் கூறினார்கள். நான் ஓர் ஆலைத் தொழிலாளி, அவர்கள் அனுபவசாலிகள், எனவே விட்டுவிட்டேன் என்ற பொருளில் அவர் பின்னர் கூறியிருக்கிறார். ஒரே சொல்லில் சிக்கி மீள முடியாமல் தவித்த சிறுவன், ஒரே தொடரை 26 முறை ஏறிக் கடந்து அதையே தன் கலையின் உச்சமாக ஆக்கிவிட்டான். ஒவ்வொரு முறை அந்தப் பாட்டைக் கேட்கும்போதும் எனக்கு இதுவே தோன்றும்.

அந்த வெற்றியைக் கொண்டாட நிறுவனம் அவருக்குத் தந்த பரிசு என்ன தெரியுமா? தங்க நிறக் கழிப்பறை இருக்கை. அவர் செய்துவந்த வேலையை நினைவூட்டும் வேடிக்கை. விதர்ஸ் சிரித்தபடி அதை ஏற்றுக்கொண்டவர்தாம். ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு கதை ஒளிந்திருக்கிறது. 'பார், கழிப்பறை செய்தவன் எங்கே வந்துவிட்டான்' என்பதே அக்கதை. முதலாளித்துவம் தொழிலாளியின் கலையை எப்போதும் இப்படித்தான் சொல்லும். தொழிற்சாலை என்பது தப்பிக்க வேண்டிய இடம், திறமையுள்ளவன் தப்பிவிடுவான், எஞ்சியவர்கள் திறமையற்றவர்கள். உணவுப் பெட்டியைக் கையில் ஏந்தி நின்ற படமோ வேறு கதை சொல்கிறது: நான் இங்கிருந்தே பாடுகிறேன்.

இசைத்தட்டு வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பே ஆலை அவரை ஆட்குறைப்பில் அனுப்பிவிட்டது. வெளிவந்த பின், ஒரே நாளில் அவருக்கு இரண்டு கடிதங்கள் வந்தனவாம். நாடறிந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பாட அழைத்தது ஒன்று. மீண்டும் வேலைக்கு வருமாறு ஆலை அழைத்தது மற்றொன்று. ஒருவருக்குத்தான் அந்த முதல் கடிதம் வரும். அவரோடு ஆட்குறைப்புக்கு உள்ளானவர்களுக்கு வரக்கூடியது இரண்டாம் கடிதம் மட்டுமே, அதுவும் வந்தால்.

இன்று நான், நாளை நீ

1972இல் அவருடைய இரண்டாம் இசைத்தட்டு வந்தது. 1965இல் எழுச்சி வெடித்த வாட்ஸ் பகுதியின் பெயரைத் தாங்கிய இசைக்குழுவின் கலைஞர்கள் அதில் அவரோடு வாசித்தார்கள். அதில் உள்ள பாட்டுதான் 'லீன் ஆன் மீ'. 'என் மீது சாய்ந்துகொள்' என்பது அத்தலைப்பின் பொருள். அவ்வாண்டு ஜூலையில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் மெட்டு மிக எளியது. புதிதாக வாங்கிய சிறு மின்பியானோவின் கட்டைகளில் விரல்களை ஏற்றி இறக்கிப் பார்த்தபோது பிறந்தது. பியானோ கற்றிராத தொழிலாளியின் விரல்கள் போகக்கூடிய வழி அது. அதனால்தான் உலகில் எவரும் அதைப் பாடிவிட முடிகிறது.

பெருநகரத்தில் அண்டை வீட்டார் முகம் தெரியாமல் வாழ்ந்தபோது, ஸ்லாப் ஃபோர்க்கில் மக்கள் ஒருவருக்கொருவர் உதவி வாழ்ந்ததை நினைத்தே அப்பாட்டை எழுதியதாக அவர் கூறியிருக்கிறார். சுரங்க ஊரில் யார் வீட்டு ஆண் இன்று உயிரோடு மேலே வருவான் என்பது எவருக்கும் தெரியாது. இன்று உன் வீட்டுக்கு நான் சோறு கொண்டுவருகிறேன். நாளை என் வீட்டுக்கு நீ கொண்டுவர வேண்டியிருக்கும். பாட்டின் கருத்தும் இதுவே. உனக்கு உதவுகிறேன், ஏனெனில் எனக்கும் உதவி தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை.

இதில் தருமம் இல்லை. மேலிருந்து கீழே நீளும் கை இல்லை. இருப்பவன் இல்லாதவனுக்கு இரங்குவது ஈகை. இருவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே ஆபத்தின் கீழ் நிற்கிறோம் என்று உணர்ந்து தோள் கொடுப்பது ஒருமைப்பாடு. பல ஆண்டுகளாக நான் எழுதித் தேய்த்த சொல்லின் பொருள் இங்கே இருந்தது. இந்தப் பாட்டை ஆளும் வர்க்கமும் பாடும். 2009இல் ஒபாமா பதவியேற்பையொட்டி வாஷிங்டனில் நடந்த இசை விழாவில் அதைப் பாடினார்கள். பாடட்டும். சாய்ந்துகொள்ளத் தோள் தருவதாகச் சொல்பவர், நாளை நம் தோளில் சாய வேண்டிய நிலையில் இருக்கிறாரா என்று கேட்டால் போதும். அவர் பாடுவது ஒருமைப்பாடா, ஈகையா என்பது விளங்கிவிடும்.

1972 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் விதர்ஸ் பாடினார். வியட்நாம் போரில் வலக் கையை இழந்த இளம் சிப்பாயின் குரலில் அமைந்த ஒரு பாட்டு அன்று ஒலித்தது. இடக் கையால் எழுத வராது, அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று அவன் கேட்கிறான். தம்பியைப் படைக்கு எடுக்காமல் தள்ளிவைக்க வழி தேடச் சொல்கிறான். முழக்கம் எதுவும் அதில் இல்லை. ஒன்பது ஆண்டுகள் சீருடை அணிந்த மனிதரிடமிருந்து வந்த போர் எதிர்ப்புப் பாட்டு அது.

நாம் எடுத்துச் செல்ல வேண்டியது

விதர்ஸைப் புரட்சிக் கலைஞர் என்று முத்திரை குத்த நான் வரவில்லை. அது அவருக்கும் உண்மைக்கும் செய்யும் அநீதி. பின்னாளில் பெரிய இசை நிறுவனம் ஒன்றோடு அவருக்குக் கசப்பு ஏற்பட்டது. எப்படிப் பாட வேண்டும் என்று அதன் அதிகாரிகள் தமக்குப் பாடம் எடுப்பதை அவர் வெறுத்தார். 1985க்குப் பிறகு புதிய இசைத்தட்டு எதையும் வெளியிடாமல் விலகிக்கொண்டார். மேடைக்கு ஏங்கியதாகவும் தெரியவில்லை. தம் உழைப்பின் மீது பிறர் அதிகாரம் செலுத்துவதற்கு அவர் காட்டிய எதிர்ப்பு அது, தனிமனிதராகவே எதிர்த்தார்.

நமக்கான கேள்வி வேறு. நமது கலைக்குழுக்களில் பாட்டு எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் தீர்மானத்திலிருந்து தொடங்கி மக்களை நோக்கிச் செல்கிறது. அது தேவைதான். ஆனால் எதிர்த் திசையிலும் ஒரு வழி உண்டு. பாட்டியின் கைகளிலிருந்தும், அடுத்த வீட்டுச் சோற்றுப் பானையிலிருந்தும், ஆட்குறைப்புக் கடிதத்திலிருந்தும் தொடங்கி வரும் வழி அது. நம் கூட்டங்களின் கடைசி வரிசையில், வேலை முடிந்து சீருடையோடு வந்து அமர்ந்திருக்கும் தோழர் ஒருவரிடம் அப்படி ஒரு பாட்டு இருக்கலாம். யார் பாடப்போகிறார்கள் என்று அவர் தயங்கிக் கேட்கலாம். நீங்கள்தான் என்று சொல்ல நம்மில் ஒருவர் இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் உலகமே கதவடைத்திருந்தபோது, பல நாடுகளில் மக்களும் மருத்துவப் பணியாளர்களும் 'லீன் ஆன் மீ' பாட்டைப் பாடினார்கள். அந்த நாட்களில்தான் விதர்ஸ் மறைந்தார். 1938இல் ஒரு கரிச்சுரங்க ஊரில், இருவேறு குடியிருப்புகளின் எல்லையில் இருந்த ஒரு வீட்டில் பிறந்தவர். அவர் ஊர் அவருக்குக் கற்றுக்கொடுத்ததை அவர் உலகத்துக்குக் கொடுத்துவிட்டுச் சென்றார். அடுத்த முறை தீர்மானத்தின் கடைசிப் பத்தியில் 'ஒருமைப்பாடு' என்று எழுதும்போது, அந்த உணவுப் பெட்டியை நான் நினைத்துக்கொள்வேன். வாசிக்கும்போது நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே.